மேட்டூர் திறக்கக் காத்திருந்த சுவர்

பல்லி ஒன்று சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. நான் கட்டிலில் மல்லாந்து கிடந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சித்திரை மாதத்து மதியம். மின்விசிறி வெந்நீரைக் கிளறுவதுபோல் காற்றைக் கிளறிக்கொண்டிருந்தது. பல்லி ஜன்னலோரம் வந்து நின்றது. தலையைத் திருப்பி என்னை ஒரு பார்வை பார்த்தது. பிறகு சுவருக்குள் போய்விட்டது.

ஜன்னல் வழியாக வெளியே போகவில்லை. சுவருக்குள் போனது, வீட்டுக்காரர் தன் அறைக்குள் போவதுபோல.

எழுந்துபோய்ப் பார்த்தேன். ஜன்னலின் கீழ்மூலையில் தொடங்கி, படிக்கட்டுபோல் மடிந்து மடிந்து, தரைவரைக்கும் ஒரு விரிசல். முந்தைய வாரம் தலைமுடி அளவுக்கு இருந்தது. சுண்ணாம்பு உரிகிறது என்று விட்டுவிட்டேன். இப்போது உள்ளே ஒரு பல்லி குடித்தனம் நடத்துகிறது.

"ஸ்டெல்லா!" என்று கத்தினேன்.

சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "என்ன, மறுபடியும் கரப்பான் பூச்சியா?"

"வீடு பொளந்துடுச்சு!"

"சாப்பிட்டுட்டுப் பாருங்க. கொழம்பு ஆறுது."

என் பெயர் மோசஸ். செங்கடலைப் பிளந்தவரின் பெயரை எனக்கு வைத்த அப்பா, இவனுக்கு என்ன பிளக்கப்போகிறது என்று யோசித்திருக்க மாட்டார்.

பயப்படுவதற்குச் சம்பளம்

இந்தத் தொடரில் போன வாரம், நான் மஸ்கட்டில் விமானம் ஏறியதோடு நிறுத்தியிருந்தேன். அடிக்கிற வெயிலில் தஞ்சாவூருக்கு எதற்குச் சார் இரண்டு கம்பளி என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். எனக்கும் தெரியாது. வளைகுடாவிலிருந்து வருகிறவன் கம்பளியோடு வர வேண்டும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. நீங்கள்தான் முதலில் கேட்கிறீர்கள்.

அங்கே நான் பார்த்தது சேஃப்டி சூப்பர்வைசர் வேலை. கட்டடம் எழும்புகிற இடத்தில் மஞ்சள் ஹெல்மெட்டோடு நின்றுகொண்டு, எது விழும், எது எரியும், எவன் வழுக்குவான் என்று நாள் முழுக்கக் கற்பனை செய்ய வேண்டும். நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. அதற்கு ஒருவன் விசாவும் சம்பளமும் தருகிறான் என்றால் விடுவேனா?

வருஷத்துக்கு ஒரு மாதம் லீவு. வருவேன், கம்பளியை இறக்குவேன், ஆட்டுக்கறி தின்பேன், வீட்டில் எல்லாவற்றையும் குறை சொல்வேன், போய்விடுவேன். ஸ்டெல்லா இங்கே பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பையனையும் பார்த்துக்கொண்டு, வாடகை வீடு வாடகை வீடாக மாறிக்கொண்டிருந்தாள்.

பையன் காலேஜ் விடுதிக்குப் போன வருஷம், நானும் போதும் என்று திரும்பிவிட்டேன். ஊரில் தெருவுக்குத் தெரு செல்போன் கடை முளைத்திருந்தது. வயலாக இருந்த இடமெல்லாம் வெள்ளைக் கல் நட்டு 'நகர்' ஆகியிருந்தது. எங்களுக்குப் புது நகர் கட்டுப்படியாகவில்லை. பழைய நகர் ஒன்றில், முப்பது வருஷம் போலப் பழசான வீடு ஒன்று அகப்பட்டது.

கும்பகோணம் சாலையில், வடவாற்றுக்கு இந்தப் பக்கம். வீட்டை ஒட்டினாற்போல் நகராட்சிப் பூங்கா. பூங்காவைத் தாண்டினால் ஆற்றங்கரை. நாங்கள் பார்க்கப் போனது ஐப்பசி மாதம். படுக்கையறை ஜன்னலைத் திறந்தேன். பச்சை. புல் பச்சை, தூங்குமூஞ்சி மரம் பச்சை, சீசா பலகையில் பாசி பச்சை. இத்தனை வருஷம் மணலையே பார்த்த கண்ணுக்கு வேறென்ன வேண்டும்? வில்லங்கச் சான்றிதழை வரிவரியாகப் படித்த நான், சுவரை ஒரு தட்டுகூடத் தட்டிப் பார்க்கவில்லை.

சித்திரையில் அதே ஜன்னலைத் திறந்தபோது புல்லைக் காணோம். மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மஸ்கட் என்னைத் தேடி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆணி அடிக்கும் உரிமை

கிரயம் முடிந்து சாவி கைக்கு வந்த அன்று ஸ்டெல்லா செய்த முதல் வேலை பால் காய்ச்சியது அல்ல. பாஸ்டர் ஐயா வந்து ஜெபம் செய்துவிட்டுப் போனதும், சுத்தியலை எடுத்தாள்.

வாடகை வீட்டில் இருந்தவர்களுக்கு இது புரியும். எந்த வீட்டுக்காரரும் அட்வான்ஸ் வாங்கும்போது சொல்லும் முதல் வாக்கியம், "ஆணி மட்டும் அடிச்சிடாதீங்கம்மா." எங்கள் கல்யாண போட்டோ அத்தனை வருஷமும் பீரோ மேல் சாய்ந்தே கிடந்தது. சங்கீத வசனம் எழுதிய அட்டை, ஃபிரிட்ஜ் தலையில். காலண்டர், ஜன்னல் கம்பியில் நூல் கட்டி. காற்று அடித்தால் அன்றைய தேதி தெருவில் போகும்.

சொந்தச் சுவர் கிடைத்ததும் அவள் அடித்தாள் பாருங்கள். போட்டோவுக்கு ஒன்று, வசனத்துக்கு ஒன்று, சாவிக்கு ஒன்று, பைக்கு ஒன்று. எதற்கென்று இன்னும் முடிவாகாத ஆணிகளும் சில.

"இது எதுக்கு?"

"இருக்கட்டும். என் சுவரு."

விரிசலைப் பார்த்ததும் என் புத்தி முதலில் போனது அந்த ஆணிகள் மேல்தான். வாயைத் திறந்து சொல்லவும் செய்தேன்.

ஸ்டெல்லா கரண்டியை வைத்துவிட்டு வந்தாள். விரிசலைப் பார்த்தாள். அந்த அறையில் அவள் அடித்த ஒரே ஆணி எதிர்ச்சுவரில் இருந்தது. அதைக் காட்டினாள், என்னைக் காட்டினாள், சமையலறைக்குப் போய்விட்டாள். கணக்கு டீச்சர். விடை தப்பு என்றால் சிவப்பு மையில் ஒரு கோடு, அவ்வளவுதான்.

ஹெல்மெட்டோடு ஒரு ஞாயிறு

அடுத்து நான் செய்ததைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தத் தொடரே வெட்கத்தில்தான் ஓடுகிறது.

மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த மஞ்சள் ஹெல்மெட்டைப் பரணிலிருந்து இறக்கினேன். வீட்டுக்குள் அதை மாட்டிக்கொண்டேன். விசிலைக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். பூங்காவில் தூங்குமூஞ்சி மரத்தடியைத் தேர்ந்தெடுத்து, ஓர் அட்டையில் 'அவசரகாலத்தில் கூடும் இடம்' என்று எழுதிக் கட்டினேன். நான் விசில் அடித்தால் ஸ்டெல்லா அடுப்பை அணைத்துவிட்டு அங்கே ஓடிவர வேண்டும் என்று ஏற்பாடு.

ஒத்திகையன்று விசில் அடித்தேன். மரத்தடியில் நான் மட்டும் நின்றேன். கொஞ்சம் கழித்து ஓர் ஆடு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, ஹெல்மெட்டோடு கறிக்குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுக் கலியமூர்த்தி வந்தார். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். எங்கள் காலனி நலச்சங்கச் செயலாளரும் அவர்தான். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"மோசஸ் சார், ஞாயித்துக்கெழமையும் டியூட்டியா?"

"அவரு ரெண்டு நாளா அப்படித்தான் இருக்காருண்ணே. நீங்க உக்காருங்க" என்றாள் ஸ்டெல்லா.

நான் அவரை அழைத்துப்போய் விரிசலைக் காட்டினேன். உலகம் முடியப்போகிற செய்தியைச் சொல்கிறவன் முகத்தோடு காட்டினேன். கலியமூர்த்தி குனிந்து பார்த்தார். ஆச்சரியப்படவில்லை. அது எனக்குக் கொஞ்சம் அவமானமாக இருந்தது.

"ஓ. உங்களுக்கு ஜன்னல்கிட்ட வருதா" என்றார். "எங்களுக்கு ஹால்ல. வந்து பாருங்க."

காலண்டர் மாட்டும் ஊர்

கலியமூர்த்தி வீட்டு ஹாலில் ஒரு நகைக்கடைக் காலண்டர். அதற்கு முன்பும் பார்த்திருக்கிறேன். முழங்கால் உயரத்தில் மாட்டியிருந்தார்கள். தவழுகிற பேரப்பிள்ளை தேதி பார்க்கட்டும் என்று மாட்டியிருப்பார்கள்போல என்று நினைத்து, நாகரிகம் கருதிக் கேட்காமல் இருந்தேன்.

அவர் காலண்டரைத் தூக்கினார். பின்னால், என் விரிசலின் அண்ணன்.

"எதுத்த வீட்டுல மாதா படம் ஒண்ணு கதவு மூலையில இருக்கும், பாத்திருப்பீங்க. கடைசி வீட்டுப் பாய் ஹால்ல மெக்கா படம். நம்ம பேங்க்காரர் வீட்டுல முருகன்." ஒவ்வொன்றாகச் சொன்னார். "எல்லாச் சாமியும் இங்க ஒரே வேலைதான் பாக்குது."

எனக்கு இப்போதுதான் புரிந்தது. தை மாதத்தில் சங்கக் கூட்டத்தில் பெரிய சைஸ் காலண்டருக்கு ஏன் அப்படி அடித்துக்கொண்டார்கள் என்று. தேதி தெரியாத ஜனங்கள் என்று நான் ஸ்டெல்லாவிடம் கேலி செய்திருந்தேன்.

"இதெல்லாம் நஞ்சை சார். வயல மூடி பிளாட் போட்டது. களிமண்ணு. தண்ணி இருந்தா ஊதும், காஞ்சா சுருங்கும். பங்குனியில வாயத் தொறக்கும். ஆத்துல தண்ணி வந்து, அக்கம்பக்கத்து வயல்ல பாய்ஞ்சதுன்னா மூடிக்கும். ஐப்பசி மழையில கோடுகூடத் தெரியாது."

"விக்கிறப்ப ஒருத்தரும் சொல்லலியே!"

"நீங்க எந்த மாசம் வாங்குனீங்க?"

"ஐப்பசி."

"நான் கார்த்திகை. பேங்க்காரர் தை. இந்தக் காலனியில சித்திரையில வீடு கைமாறுனதா சரித்திரமே இல்ல சார்." சிரித்தார். "பதறாதீங்க. ஜூன்ல மேட்டூர் தொறந்துடுவாங்க. ஆறு வந்தாச் சரியாயிடும்."

வீட்டுக்கு வந்து ஸ்டெல்லாவிடம் சொன்னேன். ஹெல்மெட்டைக் கழற்றச் சொன்னாள். அரை மனதோடு கழற்றினேன்.

அந்த வருஷம் ஜூனில் மேட்டூர் திறக்கவில்லை.

ஒரு சுவர் விவசாயி

ஜூன் முடிந்தது. அணையில் தண்ணீர் இல்லை, கர்நாடகம் தரவில்லை, பேச்சுவார்த்தை நடக்கிறது என்று செய்தி. குறுவை போய்விட்டது. வடவாற்றில் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். என் விரிசலில் இப்போது சுண்டுவிரல் நுனி போயிற்று.

அதுவரை காவிரிப் பிரச்சினை எனக்குப் பேப்பரின் நடுப்பக்கம். அன்றிலிருந்து காலையில் முதலில் படிப்பது அணை நீர்மட்டம். வானொலியில் நீர்மட்டம் சொல்லும்போது ஸ்டெல்லா மிக்சி போட்டால் எனக்குக் கோபம் வந்தது. ஆற்றுப்பாலம் டீக்கடையில் விவசாயிகள் உட்கார்ந்து பேசும் பெஞ்சில் நானும் போய் உட்கார ஆரம்பித்தேன். நீர்வரத்து எவ்வளவு, குடகில் மழை உண்டா என்று அவர்களைவிட அதிகமாகக் கேட்டேன்.

பாபநாசம் பக்கத்துப் பெரியவர் ஒருவருக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது.

"பாவம், ரொம்பக் கவலப்படுறீங்க. எத்தன மா நெலம் சார்?"

"நெலம் இல்லீங்க. ஒரு சுவரு."

பெஞ்சே சிரித்தது. பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே, "அதுவும் பயிருதான். எனக்கும் வரணும், உங்களுக்கும் வரணும், வரட்டும்" என்றார். அவருக்கு நாற்றங்காலே போயிருந்தது. நான் என் டீயைக் குடித்து முடித்துச் சத்தமில்லாமல் எழுந்து வந்தேன்.

இதற்குள் என் பயம் இன்னொரு வேலையும் செய்திருந்தது. ஸ்டெல்லாவின் ஒன்றுவிட்ட தம்பி ரமேஷ் சிவில் இன்ஜினியர். கூப்பிட்டுக் காட்டினேன். சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "விழுகிற வீடு இல்ல மச்சான், ஒட்டுப்போட்டும் ஓட்டலாம். ஆனா எந்தக் கவலையும் இருக்கக்கூடாதுன்னா, இடிச்சிட்டு ஆழமா பில்லர் எறக்கிக் கட்டிடுங்க" என்றான்.

எந்தக் கவலையும் இருக்கக்கூடாது என்கிற வார்த்தையை என்னிடம் சொன்னால் நான் எதற்கும் கையெழுத்துப் போடுவேன். போட்டேன். வரைபடம், அனுமதி என்று ஆனி போய்விட்டது. ஆடியில் கடப்பாரை எடுக்க மாட்டேன் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். "ஐயா நீங்க வேதக்காரங்க, உங்களுக்கு ஒண்ணுமில்ல. எனக்கு வீட்டுல ஏசுவாங்க." ஆவணி பிறந்து முதல் நல்ல நாளில் இடிப்பது என்று ஏற்பாடு.

ஒரு வருஷத்துக்கு வாடகை வீடு வேண்டும். மெடிக்கல் காலேஜ் சாலையில் பார்த்தோம். நல்ல வீடு. வீட்டுக்கார அம்மா மோர் கொடுத்து உபசரித்தார். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, "ஒண்ணே ஒண்ணும்மா. ஆணி மட்டும் அடிச்சிடாதீங்க" என்றார்.

ஸ்டெல்லா மோர் டம்ளரைக் கீழே வைத்தாள். மரியாதையாகக் கும்பிட்டாள். வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டாள்.

பாலம் வரும்வரை தெருவையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு சொன்னாள். "நீங்க இடிங்க. கட்டுங்க. நான் எங்கயும் வரல. கடப்பார வர்ற அன்னிக்கு நான் அந்த ரூம்லதான் இருப்பேன்."

"பொம்பள புத்தி…" என்று ஆரம்பித்தேன்.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். வேண்டாம் சார் என்பதுபோல. நிறுத்திக்கொண்டேன்.

பத்தாக்கா

விரிசலை அளக்க எனக்கு ஒரு கருவி இருந்தது. ஓமனில் கொடுக்கும் அடையாள அட்டை. அங்கே எல்லோரும் பத்தாக்கா என்பார்கள். காலாவதியானது, லேமினேட் செய்தது, மீசையோடு ஒல்லியாக இருக்கும் என் படம் போட்டது. தினமும் காலையில் அதை விரிசலில் செருகி எடுப்பேன். தபால்பெட்டியில் கடிதம் போடுகிறமாதிரி லொடக்கென்று உள்ளே போகும், வரும்.

ஆடி முடியப்போகிற சமயத்தில் டீக்கடையில் சத்தம். மேட்டூர் திறந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஆள் ஆளுக்கு ஆற்றையே துரத்தினார்கள். முக்கொம்பு தாண்டிடுச்சாம். கல்லணைக்கு வந்துடுச்சாம். வெண்ணாத்துல விட்டாச்சாம்.

வடவாற்றுக்குத் தண்ணீர் வந்த காலையில் காலனியே கரையில் நின்றது. முதலில் தண்ணீர் தெரியவில்லை. சருகும் நுரையும் செருப்பும் ஒன்றுசேர்ந்து ஊர்ந்து வந்தன. அதன் பின்னால், காப்பி நிறத்தில், அவசரமே இல்லாமல், ஆறு. காய்ந்த மண் குடிக்கிற சத்தம் சன்னமாகக் கேட்டது. கலியமூர்த்தியின் மனைவி பூவும் நெல்லும் தூவினார். என் கையிலும் கொஞ்சம் பூவைத் திணித்தார். எங்கள் லுத்தரன் சபை மூப்பர் ஒருவர் கொஞ்சம் தள்ளி நின்றார். அவர் அந்தப் பக்கம் திரும்புகிறவரை காத்திருந்து போட்டேன். திரும்பிப் பார்த்தால் அவர் கையிலும் பூ.

வீட்டுக்கு ஓடிவந்து பத்தாக்காவைச் செருகினேன். லொடக். மறுநாளும் லொடக். வயல்களுக்கெல்லாம் பாய்ந்த பிறகும் லொடக். ஆறு ஏமாற்றிவிட்டது என்று ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அவள் குளியலறைத் தண்ணீரைத் திருப்பி ஜன்னலுக்கு வெளியே சுவரோரம் வாழைக்கன்று வைத்துக்கொண்டிருந்தாள். இடிக்கப்போகிற வீட்டுக்கு வாழை!

ஆவணி பிறந்தது

நல்ல நாள் பார்த்து மேஸ்திரி வந்தார். கூட ஆட்கள், கடப்பாரைகள், ரமேஷ். ஸ்டெல்லா சொன்னபடியே அந்த அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். நான் பழக்கதோஷத்தில் ஹெல்மெட்டோடு நின்றேன்.

"அக்கா, கொஞ்சம் எழுந்திருங்க" என்றான் ரமேஷ்.

"ரெண்டு பேப்பர் இருக்கு. இரு."

முந்தின நாள் மதியம் செருகிவிட்டு எடுக்க மறந்த பத்தாக்கா விரிசலிலேயே இருந்தது. அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம் என்று இழுத்தேன். வரவில்லை. நகத்தால் நெம்பினேன். வரவில்லை. ரமேஷ் இழுத்துப் பார்த்தான். மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டு வந்து இழுத்துப் பார்த்தார். சுவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. என் படத்தில் மூக்குவரை உள்ளே போயிருந்தது. வெளியே கண்கள் மட்டும் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டிருந்தன.

"மூடிக்கிட்டு வருது மச்சான்" என்றான் ரமேஷ். நல்ல பையன். உண்மையை மறைக்கவில்லை. "விழுகிற வீடு இல்ல. அத நான் அன்னிக்கே சொன்னேன். ஆனா அடுத்த சித்திரையில திரும்ப வரும். அதுக்கு அடுத்த சித்திரையிலயும் வரும். வருஷா வருஷம் வந்துட்டுப் போகும். அதுக்குத்தான் இடிச்சிடலாம்னேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறக்குமுன் ஸ்டெல்லா சிவப்புப் பேனாவை மூடினாள்.

"வரட்டுமே. இவருந்தான் வருஷா வருஷம் லீவுல வந்துட்டுப் போனாரு. அதுக்காக இவர இடிச்சிட்டு வேற கட்டிக்கிட்டேனா?"

மேஸ்திரி முதலில் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்குவது தெரிந்தது. பிறகு ஆட்கள். ரமேஷ் பூங்காவைப் பார்த்தபடி நின்றான். நான் ஹெல்மெட்டைக் கழற்றினேன்.

"காப்பி குடிச்சிட்டுப் போங்க எல்லாரும்" என்று எழுந்தாள் ஸ்டெல்லா.

கடப்பாரைகள் அன்று வேலை செய்யாமல் திரும்பவில்லை. தண்ணீர் ஒழுங்காக வெளியேறுவதற்காகப் பழைய குளியலறையை மட்டும் உடைத்தார்கள். சுவரோரம் தண்ணீர் தேங்காமலும் வறளாமலும் இருக்க ரமேஷ் வாய்க்கால் மாதிரி ஒன்று அமைத்துக் கொடுத்தான். வீடு அதே வீடுதான். 'கூடும் இடம்' அட்டை இற்றுப்போய்விட்டது. ஆனால் காலை நடைக்கு வருகிறவர்கள் இன்றும் அந்த மரத்தடியில்தான் கூடுகிறார்கள்.

அன்று சாயங்காலம் ஸ்டெல்லா விரிசலுக்கு மேலே ஓர் ஆணி அடித்தாள். சபைக் காலண்டரை மாட்டினாள். பின்னால் என் பத்தாக்கா.

இப்போதும் அங்கேதான் இருக்கிறது. வாழை தழைத்த பிறகு விரிசல் கொஞ்சம் அடங்கிவிட்டது. ஆனாலும் ஆறு நின்று, மண் காய்ந்து, சித்திரை பிறந்ததும் ஏதோ ஒரு மதியத்தில் காலண்டருக்குப் பின்னாலிருந்து டக்கென்று ஒரு சத்தம் கேட்கும். அட்டை தரையில் விழுந்து கிடக்கும்.

ஸ்டெல்லா சமையலறையிலிருந்தே கேட்பாள்.

"என்ன, லீவுல வந்துட்டாரா?"